வாட்ஃபோர்டிலிருந்து அப்பாவுக்கு: லூயிஸ் சகோதரர்களின் விடுதிக் கடிதங்கள்

1908 செப்டம்பர் கடைசி. லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சிறிய விடுதிப் பள்ளி. அங்கே வந்து சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒன்பது வயதுப் பையன், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருக்கும் அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அண்ணன் மாலைத் தேநீருக்குத் தன் ஜாமை எடுத்து வரவில்லையாம். அதற்குத் தலைமையாசிரியர், அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும், 'நாசமாய்ப் போகிற பயல்' என்று சபித்தாராம். இப்படி ஒரு சட்டத்தை யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று அங்கலாய்த்துவிட்டு, பையன் நேராக விஷயத்துக்கு வருகிறான்: சனிக்கிழமையே நாங்கள் கிளம்பிவிடலாமா அப்பா? பருவம் முடிகிறவரை இந்தப் பொந்தில் எங்களால் இருக்கவே முடியாது.

ஏறத்தாழ அதே நேரத்தில் பதின்மூன்று வயது அண்ணனும் தனியாக எழுதினான். நான் கேட்டு நீங்கள் எதையும் மறுத்ததில்லை, இதையும் மறுக்கமாட்டீர்கள், நான் இந்தப் பள்ளியை விட்டு வந்துவிட வேண்டும், தம்பியும் அதைத்தான் விரும்புகிறான் என்பது அதன் சாரம்.

அண்ணன் வாரன் லூயிஸ், வீட்டில் வார்னி. தம்பி கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ், வீட்டில் ஜாக். பின்னாளில் நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ். அப்பா ஆல்பர்ட் லூயிஸ், பெல்ஃபாஸ்ட் போலீஸ் கோர்ட்டில் வழக்கு நடத்திய சொலிசிட்டர். இரண்டு கடிதங்களும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை அவர் பத்திரமாக எடுத்தும் வைத்தார். ஆனால் சனிக்கிழமை யாரும் கிளம்பவில்லை. வார்னி 1909 கோடை வரை அங்கேயே இருந்தான். ஜாக், 1910இல் பள்ளியை இழுத்து மூடும்வரை இருந்தான்.

அந்தக் காலத்து விடுதிக் கடிதங்கள் என்றால், பிள்ளைகளை உண்மையை எழுத விடமாட்டார்கள் என்ற விளக்கம்தான் முதலில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் உட்காரவைத்து எழுதச் சொல்வதும், ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்தபடி எட்டிப் பார்ப்பதும் ஆங்கிலேயப் பள்ளிகளில் சாதாரணம். 1920களில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் படித்த ரோல்டு டால் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். 1911இல் செயின்ட் சிப்ரியன்ஸ் பள்ளியில் சேர்ந்த எரிக் பிளேர் என்ற எட்டு வயதுப் பையன் அம்மாவுக்கு எழுதியதெல்லாம் கால்பந்தும் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும்தான். அதே பள்ளியை அவர் ஜார்ஜ் ஆர்வெல் ஆன பிறகு எப்படிக் கிழித்துத் தொங்கவிட்டார் என்பது தெரிந்த கதை.

லூயிஸ் வீட்டுக் கதை அந்த வகையில் சேராது. தலைமையாசிரியரைப் பற்றியே புகார் சொல்லும் கடிதம் வீடு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், குறைந்தது அந்த ஒரு கடிதத்தையாவது அவர் பார்க்கவில்லை. உண்மை உறைக்குள் புகுந்து, ஒரு பென்னி தபால் தலையில் கடல் தாண்டி, வாசலுக்கே வந்துவிட்டது. வந்தும் ஒன்றும் நடக்கவில்லை. தணிக்கையைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாத வழக்கு இது. கடிதம் எழுதிய கையையும் படித்த கண்ணையும்தான் பார்த்தாக வேண்டும்.

மூன்று சாவு

படித்த கண்ணிலிருந்து தொடங்கலாம். 1908 ஏப்ரலில் ஆல்பர்ட்டின் தந்தை ரிச்சர்ட் இறந்தார். அதற்கு முன்பே, பிப்ரவரியில், மனைவி ஃப்ளோராவுக்கு வயிற்றுப் புற்றுநோய்க்காக வீட்டில் வைத்தே அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. ஆகஸ்ட் 23, ஆல்பர்ட்டின் 45ஆவது பிறந்தநாள். அன்றைக்கே ஃப்ளோரா போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் ஆல்பர்ட்டின் அண்ணன் ஜோசப்பும் இறந்தார். செப்டம்பர் 18 அன்று பிள்ளைகள் இருவரும் கப்பலேறினார்கள். அம்மா இறந்து நான்கு வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

வார்னிக்கு இது புதிய இடமல்ல. 1905 மே மாதம், குடும்பம் பெல்ஃபாஸ்டின் புறநகரில் 'லிட்டில் லீ' என்ற பெரிய வீட்டுக்குக் குடிபோன சில வாரங்களிலேயே, அவனை வாட்ஃபோர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது கடிதங்களைப் பிரித்துப் படிக்க வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஃப்ளோரா கணிதமும் தர்க்கமும் படித்துப் பட்டம் வாங்கியவர், நிதானமானவர். 1908 செப்டம்பரில் மிஞ்சியது ஆல்பர்ட் மட்டும். மனைவியின் நோய்க் காலத்தில் அப்பாவின் கோபம் எப்போது எப்படி வெடிக்கும் என்று தெரியாமல் போனது, வாய்க்கு வந்ததைப் பேசினார், அந்த மாதங்களில் மனைவியை மட்டுமல்ல, பிள்ளைகளையும் சேர்த்தே இழந்துகொண்டிருந்தார் என்று ஜாக் பின்னாளில் எழுதினார்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பதற்கு இன்னொரு சான்று, வார்னி வாட்ஃபோர்டில் இருந்த முதல் ஆண்டுகளில் ஜாக் அவனுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டு பேருமாகக் கற்பனையில் ஒரு நாட்டைக் கட்டி ஆண்டுவந்தார்கள். தம்பியின் பங்கு சட்டை போட்ட விலங்குகளின் தேசம், அண்ணனின் பங்கு இந்தியா. ஆம், நம் இந்தியாவேதான். இமயமலைக்குப் பின்பக்கம் கடற்கரை வைத்து, மொத்தமாக ஒரு தீவாகப் பெயர்த்தெடுத்து, ரயிலும் நீராவிக் கப்பலும் ஓடவிட்ட இந்தியா. இரண்டும் சேர்ந்து 'பாக்ஸென்' ஆனது. ஏழெட்டு வயது ஜாக், விடுதியில் இருக்கும் அண்ணனுக்கு நாட்டு நடப்பு எழுதுகிறான்: பாக்ஸென் சற்றே கொந்தளித்துக் கிடக்கிறது, பன்னி என்ற முயல் ராஜா சிறைப்பட்ட செய்தி இப்போதுதான் வந்திருக்கிறது, குடியேறிகள் கும்பலுக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியே வரத் துணிவதில்லை. ஒரு செய்தி நிருபரின் தோரணை! சகோதரர்களுக்குள் போன கடிதத்தில் இப்படிச் சரளமாக ஓடிய அதே பேனாதான் இரண்டு ஆண்டுகள் கழித்து அப்பாவிடம் ஜாமைப் பற்றிப் புலம்பியது.

கேப்ரனின் பள்ளி

பள்ளியின் பெயர் வின்யார்டு. நடத்தியவர் ராபர்ட் கேப்ரன் என்ற பாதிரியார். மஞ்சள் செங்கல் கட்டடம், சரளைக்கல் பரப்பிய முற்றம், திரைச்சீலை இல்லாத ஜன்னல்களோடு ஒரே ஒரு படுக்கைக் கூடம். கழிப்பறைகள் வெளியே, அவற்றின் நாற்றத்தை ஐம்பது வயது தாண்டியும் ஜாக் மறக்கவில்லை. ஜாக் போனபோது விடுதியில் எட்டு ஒன்பது பையன்கள், வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் அதே அளவு. மனைவி, மூன்று மகள்கள், உதவி ஆசிரியராக மகன் என்று குடும்பமே நடத்திய பள்ளி அது.

முன்பு ஓரளவு நன்றாகவே நடந்ததுதான். 1901இல் ஒரு மாணவனை மிகக் கொடூரமாக நடத்தியதற்காக அவன் தந்தை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் பெயர் கெட்டுவிட்டது, சேர்க்கை சரிந்தது. வார்னி சேர்ந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. வழக்கு நடத்துவதே தொழிலாகக் கொண்ட அப்பாவுக்கு இந்த வழக்கு எட்டவில்லை என்பதை என்னவென்று சொல்வது!

பள்ளியைத் தேர்ந்தெடுத்ததில் ஆல்பர்ட் அவசரப்பட்டார் என்று சொல்வதற்கில்லை. பல பள்ளிகளைப் பற்றி விசாரித்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் அதோடு நிற்கமாட்டார், நூற்றியோராவது யோசனைவரை போவார், அது தப்பாமல் தப்பாகவே இருக்கும் என்பது ஜாக்கின் கிண்டல். வசதியுள்ள அயர்லாந்துப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு இங்கிலாந்துப் பள்ளி என்பது ஏணி. சிறு பள்ளியிலிருந்து பெரிய பள்ளி, அங்கிருந்து ராணுவக் கல்லூரியோ ஆக்ஸ்ஃபோர்டோ. முதல் படியிலேயே பிள்ளையைக் கீழே இறக்க எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது.

வகுப்பில் நடந்தது பெரும்பாலும் பலகையில் கணக்குப் போடுவதுதான். காலையில் எத்தனை கணக்கு போட்டாய் என்று கேப்ரன் கேட்பார். பொய் சொன்னால் அடி. வார்னி ஒருபோதும் பொய் சொல்லவில்லை. ஐந்து கணக்கு என்று உள்ளதையே சொன்னான். நேற்றும் இன்றும் போட்டது அதே ஐந்து கணக்கு என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை! வரலாறும் பூகோளமும் தேதி, போர், ஏற்றுமதி, இறக்குமதி என்று ஒரு காடு. வடிவியல் ஒன்றை மட்டும் கேப்ரன் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தார், அதற்காக அவருக்கு நன்றி என்று ஜாக் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார்.

பிரம்பு வேறு கதை. ஒரு பையனை, அவன் ஒரு பல் மருத்துவரின் மகன் என்பதாலேயே கேப்ரனுக்குப் பிடிக்காது. அவனை அடிக்கும்போது அறையின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் ஓடிவந்து அடித்ததை ஜாக் பார்த்திருக்கிறான். லூயிஸ் சகோதரர்களை அவர் அவ்வளவாகத் தொடவில்லை. ஜாக் ஏறக்குறைய செல்லப்பிள்ளை. வார்னியும் அவர் விரும்பித் தேடிப்பிடிக்கும் இரைகளில் ஒருவன் அல்ல. எதிரே மற்றவன் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு, அடுத்தது நாமோ என்று உட்கார்ந்திருப்பது அவர்கள் பாடு.

ஜாமும் பிரம்பும்

இப்போது செப்டம்பர் கடிதத்தைத் திரும்பப் படித்தால் ஒன்று கண்ணில் படும். புகாராக வந்திருப்பது ஜாம். அந்தப் பள்ளியைப் பற்றிப் பெரியவர் யாரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய அடி, அழுக்கு, படிப்பின்மை ஆகியவை அந்த வரிகளில் இல்லை. இது ஒன்பது வயதின் நியாயம். தேநீருக்கு ஜாம் எடுத்து வராதது ஒரு குற்றமா? அதற்கு ஒரு பாதிரியார் சபிக்கலாமா? அவனுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் அன்றைக்கு இல்லை. பெல்ஃபாஸ்டில் நாற்பத்தைந்து வயதில் அதைப் படிக்கிறவருக்கு அது ஜாம் தகராறுதான்.

போதாததற்கு, அதற்குச் சில நாட்களுக்கு முன் இதே ஜாக் எழுதிய முதல் கடிதம் வேறு அவர் கையில் இருந்தது. இந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன், கேப்ரன் அம்மாவும் பெண்களும் நல்லவர்கள், கேப்ரன் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி, ஆனாலும் சமாளித்துக்கொள்வேன் என்று அது சொல்கிறது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு வாக்குமூலம். எது பையனின் நிலையான மனம், எது அன்றைய அழுகை? தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ள ஆல்பர்ட்டுக்கு இடம் இருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் எழுதியதும் உதவவில்லை என்பது என் ஊகம். பிள்ளைகளின் கணக்குப்படி இரண்டு பேர் சொன்னால் கேள்விக்கு இரட்டை பலம். தினமும் சாட்சிக் கூண்டைப் பார்த்துப் பழகிய சொலிசிட்டருக்கோ, இரண்டு சாட்சிகள் ஒரே நாளில் ஒரே கோரிக்கையோடு வந்தால் கூடிப் பேசி வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அத்துடன், அண்ணன் கூடவே இருக்கிறான், அவனே மூன்று ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டான் என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது. சகோதரர்களை ஒரே பள்ளியில் போடுவதன் பயனே அதுதானே என்று எந்த அப்பாவும் நினைப்பார்.

ஆல்பர்ட் அந்தச் செப்டம்பரில் ஜாக்குக்கு எழுதியதும் கிடைத்திருக்கிறது. சிறுவர்களின் பள்ளியானாலும் பெரியவர்களின் வாழ்க்கைப் பள்ளியானாலும் சில நேரம் அழுத்தத்தான் செய்யும், இல்லாவிட்டால் அது பள்ளியே அல்ல. நல்லதையும் கெட்டதையும் தைரியமான கிறிஸ்தவப் பிள்ளையாக எதிர்கொள்வாய், அருமை அம்மாவுக்காக, என்கிறார். பாசத்தில் எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைசித் தொடரைப் பாருங்கள். இனி வாய் திறந்து குறை சொன்னால் அது செத்துப்போன அம்மாவுக்குச் செய்கிற துரோகம் என்று ஆகிவிட்டது. அம்மாவைப் புதைத்த மாதத்துக்கு அடுத்த மாதம் ஒரு ஒன்பது வயதுப் பையனிடம் இதைவிட உறுதியாக வாயை அடைக்கும் வாக்கியம் எழுத முடியாது. கேப்ரன் எட்டிப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு நடந்திருக்காது.

பிறகு வருகிற கடிதங்களில் அந்தக் குரல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பையன்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஆளுக்கொரு மாதப் பத்திரிகை வாங்கி, ஸ்ட்ராண்ட், பியர்சன்ஸ் எல்லாவற்றையும் சுற்றுக்கு விட்டுப் படிக்கும் செய்தி வருகிறது. ஊர்க் கோயிலைப் பற்றியும் வருகிறது. செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் எனக்குப் பிடிக்கவே இல்லை, சடங்கு மிஞ்சிப்போய்க் கத்தோலிக்கக் கோயிலாகவே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று எழுதுகிறான் ஜாக். தாத்தா தாமஸ் ஹாமில்டன் பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டன்ட் குரு. அந்த வீட்டில் எந்தப் புகார் எடுபடும் என்று பையனுக்குத் தெரிந்திருக்கிறது. ஜாம் எடுபடவில்லை, சிலுவைக் குறி ஒருவேளை எடுபடலாம்! வேடிக்கை என்னவென்றால், தான் முதன்முதலில் கிறிஸ்தவத்தை உண்மையிலேயே நம்புகிறவர்கள் வாயிலிருந்து கேட்டது அந்தக் கோயிலில்தான் என்று பின்னாளில் அவரே எழுதினார். வீட்டுக்குப் போன வரியை மட்டும் வைத்து அந்தப் பிள்ளையின் மனதை எடைபோட்டிருந்தால் ஏமாந்திருப்போம்.

1909இல் வார்னி மால்வர்ன் கல்லூரி என்ற பெரிய பள்ளிக்குப் போனான். ஆல்பர்ட்டைப் பொறுத்தவரை ஏணி வேலை செய்துவிட்டது. ஜாக் இன்னும் ஓர் ஆண்டு தனியாக. 1910இல் கேப்ரன் பள்ளித் தொழிலையே விட்டுவிட்டு ஒரு சபைக்குக் குருவாகப் போனார். சில காலத்திலேயே அவருக்கு மனநிலை சரியில்லை என்று உறுதியாகி, 1911இல் மனநல விடுதியில் இறந்தார். ஜாக்கை அங்கிருந்து மீட்டது எந்தக் கடிதமும் இல்லை, ஆள் இல்லாமல் பள்ளி படுத்துப்போனதுதான்.

தொப்பியும் பூட்ஸும்

இரண்டாவது மன்றாடல் 1914 மார்ச்சில் வருகிறது. ஜாக்குக்கு இப்போது பதினைந்து வயது; முந்தைய இலையுதிர் காலத்தில் மால்வர்ன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். மூத்த மாணவர்களுக்கு இளையவர்கள் எடுபிடி வேலை செய்யும் வழக்கம் அங்கே கொடிகட்டிப் பறந்தது. ஒரு மூத்தவன் கேட்ட தொப்பியைக் கண்டெடுத்துக் கொடுக்க முடியவில்லை. தண்டனையாக ஒரு வாரம் தினமும் காலை உணவுக்குப் பிறகு அவன் பூட்ஸைத் துடைக்க வேண்டும். எழுத்தறிவில்லாத இந்த இங்கிலாந்து மிருகங்கள் எப்போது மேலே பாயலாம் என்று காத்திருக்கிறார்கள், கூடிய சீக்கிரம் என்னை இங்கிருந்து எடுத்துவிடுங்கள் என்று அப்பாவுக்கு எழுதினான்.

இம்முறை கடிதம் வேலை செய்தது. தொப்பியும் பூட்ஸும் ஜாமைவிடப் பெரிய விஷயங்கள் அல்ல. வாட்ஃபோர்டில் நடந்ததோடு ஒப்பிட்டால் மால்வர்ன் எவ்வளவோ மேல். ஆனால் எழுதுகிற பையன் மாறிவிட்டான். ஆல்பர்ட் புத்தகப் பித்தர், மேடைப் பேச்சில் மயங்குகிறவர், இங்கிலாந்துக்காரர்கள்மீது அயர்லாந்துக்காரனுக்குள்ள இளக்காரமும் கொண்டவர். 'எழுத்தறிவில்லாத' என்பதும் 'இங்கிலாந்து' என்பதும் குறிபார்த்து எறிந்த சொற்கள். படிப்பாளிப் பிள்ளை முரடர்களிடம் மாட்டிக்கொண்டான் என்ற கதையை ஆல்பர்ட் உடனே நம்பினார், ஏனென்றால் அவரே எழுதியிருக்கக்கூடிய கதை அது.

கைக்கெட்டும் தூரத்தில் மாற்று வழி இருந்ததும் ஒரு காரணம். ஆல்பர்ட்டின் பழைய தலைமையாசிரியர் வில்லியம் கர்க்பாட்ரிக், சர்ரே பகுதியின் கிரேட் புக்கம் கிராமத்தில் ஓய்வில் இருந்தார். மால்வர்னில் புகைபிடித்து மாட்டிக்கொண்டு 1913இல் வெளியேறிய வார்னியை அவர்தான் சில மாதங்களில் தேற்றி சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரித் தேர்வு எழுதவைத்தார். 201 பேரில் வார்னி 21ஆவது இடம். 1908இல் பையன்களை எடுத்துவிட்டு எங்கே போடுவது என்பதற்கு இவ்வளவு தெளிவான பதில் ஆல்பர்ட்டிடம் இல்லை.

இந்த முறை அண்ணன் எதிர்க்கட்சி. அப்பா கருத்துக் கேட்டபோது வார்னி மால்வர்னுக்காக வாதாடினான். அவனுக்கு அந்தப் பள்ளி உயிர். தம்பி சொல்வது அவனுக்கு எரிச்சலாகவே இருந்தது. இருவர் ஒரே குரலில் கேட்டது 1908இல் நிறைவேறவில்லை. ஒருவர் கேட்டு மற்றவர் மறுத்தது 1914இல் நிறைவேறியது. அந்தத் தம்பியைப் பெரிய பள்ளிக்கு அனுப்பியதே தவறு, பதினான்கு வயதிலேயே அவன் அறிவு பல்கலைக்கழக மாணவருக்குரியது என்று 1966இல், ஜாக் இறந்த பிறகு, வார்னியே எழுதினார்.

1914 செப்டம்பரில் ஜாக் கர்க்பாட்ரிக்கிடம் போனான். அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் சுகமாக இருந்தான். வாராவாரம் இரண்டு கடிதம் எழுதினான் என்று சொல்லலாம்: ஒன்று அப்பாவுக்கு, ஒன்று பெல்ஃபாஸ்டில் எதிர்வீட்டு நண்பன் ஆர்தர் கிரீவ்ஸுக்கு. படித்த புத்தகம், பிடித்த கதை, கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்ற செய்தி எல்லாம் நண்பனுக்குப் போயின. அப்பாவுக்கு அழகாகச் செதுக்கிய, அவர் ரசிக்கும்படியான கடிதங்கள். அந்த டிசம்பரில் நம்பிக்கை சிறிதுமின்றியே பெல்ஃபாஸ்ட் போய்த் திருச்சபையில் உறுதிப்பூசுதல் பெற்றுக்கொண்டான். அப்பாவிடம் மறுக்கத் துணிவில்லை. படிப்பவருக்கு ஏற்றபடி எழுதக் கற்றவன், அவரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றிருந்தான்.

சுற்றி வளைக்காமல் ஆல்பர்ட்டிடம் ஒன்றைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1917 நவம்பர் சாட்சி. ராணுவத்தில் சேர்ந்திருந்த ஜாக் பிரிஸ்டலிலிருந்து தந்தி அடித்தான்: 48 மணி நேர விடுப்பில் பிரிஸ்டல் வந்திருக்கிறேன், சனிக்கிழமை சவுத்தாம்ப்டனில் ஆஜராக வேண்டும், வர முடியுமா? போர்க்காலத்தில் சவுத்தாம்ப்டன் என்றால் பிரான்ஸ் முனைக்குக் கப்பல் என்பது ஊருக்கே தெரியும். ஆல்பர்ட் பதில் தந்தி அனுப்பினார்: தந்தி புரியவில்லை, கடிதம் எழுதவும். ஜாக் அப்பாவைப் பார்க்காமலே பிரான்சுக்குப் போனான்.

மிஞ்சிய தாள்கள்

இவ்வளவும் நமக்குத் தெரிவது ஆல்பர்ட் எதையும் தூக்கி எறியாதவர் என்பதால். 1929இல் அவர் இறந்த பிறகு லிட்டில் லீ வீட்டைக் காலி செய்தபோது கட்டுக்கட்டாகக் கடிதங்களும் டைரிகளும் கிடைத்தன. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வார்னி, 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து, ஒரு சிறிய ராயல் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டி, 1850 முதல் 1930 வரையான குடும்ப ஆவணங்களை 11 தொகுதிகளாக்கினார். தன் மன்றாடலையும் தம்பியின் ஜாம் கடிதத்தையும் அவரே தட்டச்சு செய்தார்.

அத்தொகுதிகள் ஜாக்கின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. 1955இல் வந்த தன்வரலாற்றில் அவர் வாட்ஃபோர்டு பள்ளிக்குச் சூட்டிய புனைபெயர் 'பெல்சன்', நாஜி வதைமுகாமின் பெயர். அப்பாவிடம் சொல்லவில்லையா என்ற கேள்வியையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொள்ளும் மனிதர் இல்லை அப்பா. எல்லாப் பள்ளியும் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். விடுமுறைக்கு வருகிற பையன் தன் ஆசிரியரைக் கோமாளியாகக் காட்டுவானே தவிர அரக்கனாகக் காட்டமாட்டான், ஏனென்றால் அரக்கன் என்று சொன்னால் பதின்மூன்று வாரம் நடுங்கிக்கொண்டு கிடந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் கூர்மையான காரணங்கள். ஆனால் இவற்றின் நடுவே, நாங்கள் அப்படியொன்றும் பெரிதாக முயலவும் இல்லை என்று ஒரு வரி வருகிறது.

அந்த வரியையும் 1908 செப்டம்பரையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. அப்பாவைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வரி என்று சிலர் படிக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அதே புத்தகத்தில் அப்பாவை அவர் விட்டுவைக்கவில்லை. காரணங்களாக அவர் அடுக்குவதும் கடிதத்தைப் பற்றியல்ல, விடுமுறையில் வீட்டுக்கு வந்து பேசும் பேச்சைப் பற்றி. முயற்சி நடந்தது முதல் இரண்டு வாரத்தில், காகிதத்தில். அதன் பிறகு அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு விடுமுறையிலும் லிட்டில் லீயின் சாப்பாட்டு மேசையில் கேப்ரனை நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்ததுதான் ஐம்பத்தாறு வயதில் அவருக்கு நினைவிருந்தது.